தொப்பியில் நான்கு இறால்

கப்பல் கம்பெனியின் வெள்ளைத் தொப்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு, முழங்காலளவு தண்ணீரில், இரண்டு கைகளையும் சேற்றுக்குள் விட்டபடி என் மாமா குனிந்து நிற்கும் படம் ஒன்று உண்டு. பயணியாக வந்த ஓர் அம்மா எடுத்தது. நல்ல படம். அந்தப் படத்தால்தான் அவருக்கு வேலை போனது.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். எண்ணூர்க்காரர். அங்கே கழிமுகத்தில் இறாலைக் கையாலேயே பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைத் துழாவி, அகப்படுவதைப் பறிக்குள் போடுவார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியைப் பிடிக்கப் பல்தான் உண்டு. பிறகு அனல்மின் நிலையச் சாம்பல் வந்து படிந்தது. சேறு சிமெண்டு மாதிரி இறுகியது. கை விட்டால் நகக்கண் எரியும். இறால் போனது. மாமா கண்டெய்னர் யார்டில் மூட்டை தூக்கப் போனார். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு அலைந்தவன். ராயபுரத்தில் ஐஸ் உடைத்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், கடைசியில் ஒரு சிறிய சுற்றுலாக் கப்பலில் கயிறு இழுக்கும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். மாமாவை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோகும் ரப்பர் படகை ஓட்ட அவரைவிட்டால் ஆள் கிடையாது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அடியில் திட்டு இருப்பதைச் சொல்லிவிடுவார்.

கப்பல் போகும் தீவுகளில் ஒன்று வனவிலங்குகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது. இறங்கும் முன் ஒவ்வொரு பயணியின் பூட்ஸ் அடியையும் மருந்துத் தண்ணீர் ஊற்றி பிரஷால் தேய்ப்பது எங்கள் வேலை. வெளியூர் விதை ஒன்றுகூட அந்த மண்ணில் விழுந்துவிடக் கூடாதாம். சரியான காரியம்தான்.

“இத்தெல்லாம் ஏன் மச்சான் நம்மூர்ல பண்றதில்ல?” என்று மாமா தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“எண்ணூருக்கு எவன் மாமா டூர் வர்றான்?”

“ஏன், லாரி லாரியா வந்துகினுதான கீறான்!”

இருவரும் சிரித்தோம்.

மூன்றாவது முறை போனபோது, பயணிகள் பறவை பார்க்கக் காட்டுப் பாதையில் போய்விட்டார்கள். தண்ணீர் வற்றி, படகு தரைதட்டியது. தள்ளிவிட மாமா இறங்கினார். அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையில் கறுத்த, மெத்தென்ற சேறு. தள்ள வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“மச்சான், சேறு கீதுடா,” என்றார். செத்துப்போனவர் எதிரே வந்து நின்றால் வருமே, அப்படி ஒரு குரல்.

கை தானாக உள்ளே போனது. பறி இல்லாததால் தொப்பியைக் கழற்றிப் பல்லில் கடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான் படகில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேனே தவிர, தடுக்கவில்லை. முட்டி வலியென்று பாதியில் திரும்பிய அந்த அம்மா, கரையிலிருந்து படம் எடுத்துவிட்டுக் கைதட்டினார். மாமாவுக்கு வெட்கம். தொப்பியைத் தண்ணீரில் கவிழ்த்து நான்கையும் விட்டார். “போங்கடி, பொயச்சிப் போங்க.”

அன்று சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் பயணிகள் எடுத்த படங்களைத் திரையில் போட்டார்கள். மாமாவின் படத்துக்குத்தான் அதிகக் கைதட்டல். பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போன தீவின் வழிகாட்டி மட்டும் கைதட்டவில்லை.

காலையில் கேப்டன் கூப்பிட்டார். கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு புத்தகம் உண்டு. அதில் குற்றம் என்று எழுதிவிட்டால் வேறெந்தக் கப்பலும் ஏற்றாது. மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு அரைகுறை. “நாலையும் உட்டுட்டேன்னு சொல்லு. கை பயக்கத்துல பூட்ச்சி, அவ்ளோதான்,” என்றார். சொன்னேன். கேப்டன் முகத்தில் மாற்றமில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அதிகாரிகள் முன்னால் எங்களைப் போன்றவர்களுக்குக் கைவந்தது ஒன்றே ஒன்றுதான். தப்பு செய்துவிட்டார், சாரி கேட்கிறார், இனிமேல் செய்யமாட்டார் என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன். அதைத்தான் ஒரு தாளில் எழுதிக்கொண்டார்கள். குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார் என்று ஆகிவிட்டது.

வெளியே வந்ததும் மாமா என் சட்டையைப் பிடித்தார்.

“சாரின்னு இன்னாத்துக்குடா சொன்ன? எனக்கு அந்த ஒரு வார்த்த தெரியும்டா.”

“வேலை பூடும்னு மாமா...”

“போனா போவட்டும். எங்க ஆத்த மூடினவன் எவனாச்சும் என் கைல வந்து அத சொன்னானா? நாலு எறாவுக்கு நான் சொல்லணுமா?”

சமையலறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பெட்டி பெட்டியாக இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த துறைமுகத்தில் மாமாவைப் பையோடு இறக்கிவிட்டார்கள்.

தீவைக் காப்பாற்றுவதில் எனக்குக் கோபம் இல்லை. அங்கே ஒரு பூட்ஸ் அடியில் ஒட்டிய மண்ணுக்குக்கூடக் காவல் போடத் தெரிந்தவர்களுக்கு, இங்கே ஒரு ஆறே மூடப்படுவது தெரியாமல் போனது எப்படி என்பதுதான் என் கேள்வி. சேறு உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று தொட்டுச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் அந்தக் கப்பலில் அவர்தான். அவரைத்தான் துரத்தினார்கள்.

மாமா இப்போது மீஞ்சூர்ப் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன். நானும் அந்தக் கப்பலை விட்டு, வேறு இரண்டு இடம் மாறிவிட்டேன். வீட்டுக்குப் போனால் அக்கா சோறு போடுவாள். மாமா என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “எய்திட்டியா?”

பக்கத்து வீட்டுப் பெண்ணை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி, கம்பெனிக்கு இரண்டு முறை அனுப்பினேன். பதில் இல்லை. வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அதை மாமா கேட்கச் சொல்லவுமில்லை. அந்தத் தாளில் உள்ள ஒரு வரியை அடித்துவிடச் சொல்லித்தான் எழுதினேன். அவர்கள் அடிக்காததால் இங்கே எழுதுகிறேன். என் மாமா அன்றைக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டவன் நான்.