ஓரகத்தியின் பென் டிரைவ்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் என்றால் அது நான்தான். கரண்ட் பில் கட்டுவது, ஆதாரில் விலாசம் மாற்றுவது, பிள்ளைகளின் பரீட்சை முடிவு பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் மாமியார் என்னைத்தான் கூப்பிடுவார். புதுச்சேரியில், சாரம் பகுதியில் எங்கள் தெருவிலேயே, "மில்லுக்காரர் வீட்டுப் பெரிய மருமவளக் கேளு, போட்டுக் குடுக்கும்" என்பார்கள். மாமனார் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலையும் மூடி அவரும் போய்ச் சேர்ந்த பிறகும் வீட்டுக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. தெருவில் அப்படிப் பேசுவது காதில் விழும்போதெல்லாம் எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருக்கும். வெளியே மட்டும், "ஒரு நிமிஷம் சும்மா உட்கார விடுறாங்களா பாரேன்" என்று சலித்துக்கொள்வேன்.

இந்தப் பெருமையோடு நான் இருந்த வீட்டுக்குத்தான் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு ஓரகத்தி வந்தாள். சொல்தா வீட்டுப் பெண். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து அந்த நாட்டு பென்ஷன் வாங்கியவர்களின் குடும்பத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவள் தாத்தா அப்படி வாங்கியவர். அண்ணன் பிரான்சிலேயே வேலையில் இருக்கிறார். இவளும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள், போனில் அண்ணனோடு அந்த பாஷையில் பேச ஆரம்பித்தால் மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார். ஒரு வார்த்தை புரியாது, இருந்தாலும் கேட்பார். நான் பேசும்போது அந்த டிவி என்றைக்கும் குறைந்ததில்லை.

நிறம், பாஷை, பிரான்சில் அண்ணன், எல்லாம் அவள் பக்கம். மீன் குழம்பும் கம்ப்யூட்டரும் என் பக்கம். அந்த இரண்டு போதும் என்றுதான் இருந்தேன்.

போன வருஷம் லீவுக்கு வந்த அண்ணன் அவளுக்கு ஒரு லேப்டாப் கொண்டுவந்து கொடுத்தார். ஆபீசில் கழித்துவிட்டது. ஆபீஸ் விவரங்கள் வெளியே போகக்கூடாது என்று உள்ளே இருந்த ஹார்டு டிஸ்கைக் கழற்றிக்கொண்டுதான் கொடுத்திருந்தார்கள். பட்டனை அழுத்தினால் திரை வெளிச்சமாகும், பிரெஞ்சில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். எனக்கு ரொம்ப சந்தோஷம். "டிஸ்க்கு இல்லாம இது வெறும் டப்பாம்மா" என்றேன். என் குரலில் இருந்த ஆறுதலை நானே நம்பியிருப்பேன்.

அவள் விடவில்லை. போனில் வீடியோ பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

"அக்கா, டிஸ்க்கே இல்லாம பென் டிரைவ்லயே சிஸ்டத்தப் போட்டு ஓட்டலாமாம். உங்க கம்ப்யூட்டர்ல டவுன்லோட் பண்ணிக்கட்டுமா?"

"பண்ணிக்கயேன்."

"உங்க பென் டிரைவ் குடுப்பீங்களா?"

"அதுல பாப்பா டான்ஸ் போட்டோல்லாம் இருக்குது" என்றேன். பொய் இல்லை. சிஸ்டத்தை ஏற்றும்போது பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும், அது எனக்குத் தெரியும். ஆனால் மேசை இழுப்பறையில் காலியாக ஒன்று கிடந்ததும் எனக்குத் தெரியும். அவள் நேரு வீதிக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்தாள்.

என் நாற்காலியில் உட்கார்ந்து என் கம்ப்யூட்டரில் அந்தப் பெரிய கோப்பை இறக்கினாள். பிறகு அதைப் பென் டிரைவில் எழுதுவதற்கென்று ஒரு சின்ன மென்பொருளையும் இறக்கினாள். கோப்பை அப்படியே இழுத்துப் போட்டால் ஓடாது, முறையாக எழுத வேண்டும் என்று எனக்கே பாடம் சொன்னாள். நான் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்திருந்தேன். பச்சைப் பட்டை நகர்ந்து நகர்ந்து கடைசிவரை போனது. நடுவில் நின்றுவிடாதா என்று எனக்கு இருந்தது, நிற்கவில்லை.

"மொதல்ல இதுலயே ஓடுதான்னு பாத்துடலாம்க்கா" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் என் கம்ப்யூட்டரை அணைத்துப் பென் டிரைவோடு திரும்பப் போட்டாள். திரைப் படமாக வழக்கமாக வரும் என் மகளின் சிரிப்பு வரவில்லை. நீலமாக ஒரு கடல் வந்தது. என் கோப்புறைகள், பத்து வருஷமாக ஒழுங்கு பண்ணி வைத்திருந்த என் சின்னங்கள் ஒன்றையும் காணோம். என் மேசை, என் திரை, நான் துடைத்த கண்ணாடி, உள்ளே குடியிருப்பது அவள். வயிறு எரிந்தது என்று சும்மா சொல்கிறோம், அன்றைக்கு நிஜமாகவே மார்புக்குக் கீழே ஓரிடம் சுட்டது.

"ஒண்ணும் ஆவலக்கா. உருவிட்டுப் போட்டா உங்களுது அப்படியே வந்துடும்" என்றாள். உருவிவிட்டுப் போட்டதும் வந்தது. சுண்டு விரல் அளவுகூட இல்லாத அதைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

லேப்டாப்பில் அது உடனே கிளம்பவில்லை. போட்டதும் ஒரு பொத்தானைத் தட்டி, பென் டிரைவிலிருந்து தொடங்கு என்று சொல்ல வேண்டும். அந்தப் பட்டியல் முழுக்கப் பிரெஞ்சில் இருந்தது. நானாக இருந்தால் திணறியிருப்பேன். அவள் சாப்பாட்டுக் கடைப் பலகையைப் படிப்பதுபோலப் படித்து இறங்கி, ஒன்றைத் தேர்ந்தாள். நீலக் கடல் வந்தது. கட்டைகளில் பிரெஞ்சு எழுத்து வரிசை இருந்ததால் அமைப்புக்குள் போய்க் கீபோர்டையும் பிரெஞ்சுக்கு மாற்றினாள். மாமியார் படியேறி வந்து பார்த்தார். மூட்டு வலி என்று என் மகளின் அரங்கேற்றத்துக்கு மேடைகூட ஏறாதவர்.

"டிஸ்க்கே இல்லாம ஓட்டிட்டியா! பெரியவளுக்குக்கூட இது தெரியாதே" என்றார்.

நான் அங்கேயேதான் நின்றேன். என் பெருமை என் கண் முன்னாலேயே கைமாறிப் போனது.

மறுநாள் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. அந்தச் சிஸ்டம் அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும் சாதி. முந்தின நாள் அவள் சேமித்தது ஒன்றும் இல்லை. நான் கீழே கேட்டுக்கொண்டே ரசம் தாளித்தேன். ஆனால் அதற்கும் அவள் வழி கண்டுபிடித்தாள். பென் டிரைவிலேயே மிச்ச இடத்தைப் பிரித்து, வேலைகளை வைக்க ஓர் அறை செய்து, அதற்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டாள். அதன் பிறகு லேப்டாப்பை அணைக்கவேயில்லை. மூடுவாள், திறப்பாள், விட்ட இடத்தில் தொடர்வாள்.

அவசரம் எதற்கென்று பிறகு தெரிந்தது. பிரான்சில் ஒரு கம்பெனி வீட்டிலிருந்தே செய்யும் மொழிபெயர்ப்பு வேலைக்கு ஆள் எடுத்தது. பழைய பத்திரங்கள், பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு. ஒரு கட்டுப் பத்திரம் அனுப்பி, குறிப்பிட்ட நாள் மதியத்துக்குள் செய்து அனுப்பினால்தான் வேலை என்று சொல்லியிருந்தார்கள். இதைக் கேட்டதும் எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. நான் வேலைக்குப் போகும் வக்கீல் அலுவலகத்தில் செய்வதும் அதே மாதிரிப் பிரெஞ்சுப் பத்திரங்கள்தான். ஆனால் நான் அவற்றை எழுத்து எழுத்தாகப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரிகூடத் தெரியாது. இவளோ அர்த்தத்தோடு படித்து, வீட்டில் காலை நீட்டிக்கொண்டு சம்பாதிக்கப் போகிறாள். அந்த வேலை கிடைத்துவிட்டால் இந்த வீட்டில் நான் மீன் குழம்புதான்.

அனுப்ப வேண்டிய நாள் காலையில் மாடியிலிருந்து, "அக்கா!" என்று ஒரு குரல். ஓடினேன்.

கரண்ட் போயிருக்கிறது. பழைய பேட்டரி, லேப்டாப் தானே அணைந்துவிட்டது. கரண்ட் வந்ததும் திரும்பப் போட்டால் கறுப்புத் திரையில் முதல் வேலையாகக் கடவுச்சொல் கேட்கிறது. அடித்தால் தப்பு என்கிறது. சில தடவை தப்பாகப் போனால் முதலிலிருந்து கிளம்பச் சொல்கிறது. முடித்துத் திருத்தி வைத்திருந்த மொழிபெயர்ப்பு முழுதும் அந்தப் பூட்டுக்குள்.

"சரியாத்தான் அடிக்கிறேன்க்கா. ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் பாத்து அடிக்கிறேன்" என்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மாமியார் கதவருகே நின்று, "இன்னா ஆச்சி? இன்னா ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் பழைய பிரெஞ்சு கீபோர்டு ஒன்று இருக்கிறது, பத்திரங்களுக்காக வக்கீல் விடாமல் வைத்திருப்பது. கட்டையில் எழுதியிருப்பது ஒன்று, கம்ப்யூட்டர் கிளம்பும்போது எடுத்துக்கொள்வது இன்னொன்று. முழுக்கக் கிளம்பி முடிக்கும்வரை அது நம்முடைய ஆங்கிலக் கீபோர்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ஏ என்று எழுதியிருப்பதைத் தட்டினால் க்யூ என்று வாங்கிக்கொள்ளும். அடிப்பது திரையிலும் தெரியாது. இவள் பிரெஞ்சு பேசுவாள், படிப்பாள், இதற்கு முன்பு அடித்ததெல்லாம் போனில். என் கைகள் அந்தக் கட்டைகளில் பழகியவை.

சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று பின்னால் என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார். அவருக்கு என்ன தெரியும்? மாமியார் நின்றுகொண்டிருக்கிறார். பெரியவளுக்குக்கூட இது தெரியாதே என்று சொன்ன அதே மாமியார். நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேன்?

"தள்ளு. இது எனக்குத் தெரியும்" என்றேன் கொஞ்சம் சத்தமாக. "ஏவும் க்யூவும் இடம் மாறியிருக்கு."

ஏவுக்குப் பதிலாகக் க்யூவை அடித்துப் பார்த்தாள். அப்போதும் திறக்கவில்லை. "இன்னும் சில எழுத்தும் மாறியிருக்கும். நீ பாஸ்வேர்டச் சொல்லு, நான் கட்டையப் பாக்காம நம்ம கீபோர்டுன்னு நெனச்சி அடிக்கிறேன். அதான் வழி."

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா, மணி ஆவுது."

"இல்லக்கா... நானே அடிச்சிப் பாக்குறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உன் பிரான்ஸ் பூட்டைத் திறந்து நான் என்ன எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறேன்? "நம்பிக்க இல்லன்னா உட்டுடு, நான் போறேன்" என்று திரும்பினேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதுக்கா."

"எடுத்துக்க மாட்டேன். எழுத்து எழுத்தாச் சொல்லு."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏ... கே... கே... ஏ... வி... ஏ..."

நான் ஜன்னலைப் பார்த்தபடி அடித்தேன். அர்த்தம் பார்க்காமல் எழுத்தை அடிப்பதுதானே என் பிழைப்பு.

"எம்... யூ... என்... டி... ஹெச்... ஏ... என்... யூ... எம்."

கடைசி எம்முக்கு என் விரல் கமா கட்டையில் இறங்கியது, அங்கேதான் நம் எம் இருக்க வேண்டும். எண்டரைத் தட்டினேன். கறுப்புத் திரை போய், கடல் வந்தது. மாமியார், "தொறந்துடுச்சி! தொறந்துடுச்சி! பெரியவ தொறந்துட்டா!" என்றார். அதன் பிறகுதான், கைக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்ததுபோல, நான் என்ன அடித்தேன் என்பது மண்டையில் ஏறியது.

அக்காவ முந்தணும்.

அவள் முகம் சிவந்துபோயிருந்தது. "மாத்திடுறேன்க்கா, இன்னைக்கே மாத்திடுறேன்" என்றாள் மெதுவாக, மாமியாருக்குக் கேட்காமல்.

"வேணாம் வேணாம். இருக்கட்டும்" என்றேன் நான்.

படியிறங்கி வரும்போது எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. இந்த நிறமும், இந்தப் பாஷையும், அந்த அண்ணனும் இருக்கிற பெண், தினமும் என்னை நினைத்து வெந்துகொண்டிருக்கிறாள்! நான் யாரைப் பார்த்து எரிந்தேனோ அவள் என்னைப் பார்த்து. அன்று மீன் குழம்பில் இரண்டு துண்டு அதிகம் போட்டு மாடிக்கு அனுப்பினேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

மதியத்துக்குள் அவள் அனுப்பிவிட்டாள். வேலையும் கிடைத்தது. இப்போது அண்ணன் உதவியில்லாமல் தானே புது லேப்டாப்புக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். கரண்ட் பில் கட்ட மாமியார் சில சமயம் மாடியைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார். அதெல்லாம் எனக்குச் சுட்டாலும் தாங்கிக்கொண்டேன். பென் டிரைவுக்குள் அந்த வார்த்தை இருக்கிறதே, அது போதும் என்று இருந்தேன்.

போன வாரம் துணி காயப்போட மாடிக்குப் போனேன். அவள் பென் டிரைவைச் செருகி, ஏதோ கொஞ்சமாக அடித்தாள், கடல் வந்துவிட்டது.

"என்னம்மா, சின்னதா அடிக்கிற?"

"பாஸ்வேர்ட மாத்திட்டேன்க்கா. வெறும் நம்பர் போட்டுக்கிட்டேன்."

"நான்தான் இருக்கட்டும்னேனே?"

அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு, ஒரு விஷமமும் இல்லாத சிரிப்பு. "இனிமே எதுக்குக்கா அது?" என்றாள்.

பிழிந்த துணியை அப்படியே வாளியில் விட்டுவிட்டுக் கீழே வந்து என் கம்ப்யூட்டரைப் போட்டேன். அதற்கு இத்தனை வருஷம் நான் கடவுச்சொல்லே வைத்ததில்லை. அன்றைக்கு வைத்தேன். முந்தணும் என்று முடிகிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.