கறுப்புத் துணி

அந்தத் துணியைச் சுற்றியவன் நான்தான்.

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அங்கே ஒரு மீன்தொட்டி வைத்திருந்தேன். அதற்குள் வளர்த்த செடிகளில் இலைக்கு இலை பாசி பிடித்திருந்தது. சுரண்டினாலும் தண்ணீர் மாற்றினாலும் ஒரு கிழமையில் திரும்ப வந்துவிடும். நாலு நாள் வெளிச்சமே படாமல் மூடிவைத்தால் பாசி செத்துவிடும் என்றார் தெஹிவளையில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர்.

தொட்டியைக் கறுப்புத் துணியால் இறுக்கிச் சுற்றினேன். காற்று மோட்டரின் வயர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாஸ்போட் எடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்த குகனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"மச்சான், நாலு நாளைக்கு ஆரும் இதைத் திறக்கப்படாது. ஒருக்கா வெளிச்சம் பட்டாலும் எல்லாம் வீண்."

மூன்றாம் நாள் வேலையால் வந்தபோது துணி நிலத்தில் கிடந்தது. குகன் இல்லை.

"பொலிஸ் செக்கிங் வந்தது," என்றார் வீட்டுக்கார அன்ரி. "வயரைக் கண்டிட்டு குண்டோ எண்டு கேட்டவை. அவனுக்குச் சிங்களம் விளங்கேல்லை. துணியை இழுக்க விடாமல் கையை விரிச்சுக்கொண்டு நிண்டவன். பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்."

தொட்டியைப் பார்த்தேன். பாசி செத்திருந்தது. செடிகள் சுத்தமாக நின்றன.

ஏழு மாதம் பொலிஸ் நிலையங்களுக்கு அலைந்தபின் அவனை விட்டார்கள். இடது கையைத் தூக்க முடியாமல் வாசலில் நின்றவன் முதலில் கேட்டது இதைத்தான்:

"மச்சான், பாசி செத்துப்போச்சோ?"

"ஓம்," என்றேன். தொட்டியை எப்போதோ கொடுத்துவிட்டதைச் சொல்லவில்லை.

அதன்பின் யாரிடமும் எதையும் கண்டிப்பாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. சொன்னதை அப்படியே கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.