சட்டைப்பையில் இரண்டு கண்கள்

முதுகில் பையோடு மூன்று மாதமாக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன். எந்த ஊரிலும் ஒரு நாளுக்கு மேல் இருப்புக் கொள்ளாது. அன்று திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்க்க நத்தம் சாலையில் நடந்தேன். தைப்பூச சமயம். கொப்புளத்தால் செருப்பைக் கழற்றியிருந்தேன். போட்டிருந்ததோ பாதயாத்திரைக்காரர்கள் போடும் அதே பச்சைச் சட்டை.

அன்னதானப் பந்தலில் ஒரு அம்மா கூப்பிட்டார். "சாமி, பழனிக்குத்தானே?"

நல்ல பசி. "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டு எழுந்ததும் என் கையில் இரண்டு வெள்ளிக் கண்மலர்களை வைத்தார். "எம் மக செல்விக்குக் கண்ணு ஆபரேசன். எனக்கு முட்டி வலி, அம்புட்டுத் தூரம் நடக்க முடியாது. முருகன் உண்டியல்ல போட்டுருங்க சாமி."

உண்மையைச் சொல்லாமலே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கோட்டை உச்சியில் அருமையான காற்று. படமெடுக்க போனைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்டபோதெல்லாம் அந்தக் கண்கள்தான் விரலில் தட்டுப்பட்டன. திருப்பிக் கொடுக்கலாம் என்றால், என்ன சொல்லிக் கொடுப்பது? ஒரு படம்கூட எடுக்காமல் இறங்கி, பழனி சாலையில் நடந்தேன்.

மூன்றாம் நாள், செல்வியின் பேரைச் சொல்லி உண்டியலில் போட்டேன். அவளுக்குக் கண் சரியானதா, தெரியாது. இத்தனை ஊர் சுற்றியதில், எனக்காக இல்லாமல் நான் போன ஊர் அது ஒன்றுதான்.