இரண்டு வரிகளை வாபஸ் வாங்குகிறேன்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓர் அரசாங்க விசாரணைக்குப் போனேன். "நான் பொய் எழுதினேன்" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்தேன். தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு.

பதினொரு வருஷமாக இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். சாம்பாரில் உப்பு கூடிப்போனதிலிருந்து பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டது வரை எல்லாம் எழுதியாயிற்று. பொய்யா? சேச்சே... கொஞ்சம் கண், காது, மூக்கு வைப்பேன். அவ்வளவுதான். அதற்கெல்லாம் விசாரணை வருமா என்ன?

வந்தது. சொல்கிறேன்.

சித்திரை மாதம், இங்கே மலையாள நாட்டில், எங்கள் வலியசாலைத் தெருவில், எதிர்வீட்டுக் கிணற்றைத் தூர் வாரினார்கள். அந்த வாரம் அதைத்தான் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக மறுபடியும் — தண்ணீர் இறைக்க ஒரு டீசல் மோட்டாரைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓடவிட்டார்கள். புகை முழுவதும் உள்ளேயே தங்கிவிட்டது. மோட்டாரை நிறுத்திவிட்டுச் சேறு அள்ள இறங்கினான் பலவேசம் என்ற கூலிக்காரன். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். இறங்கியவன் குரல் கொடுக்கவில்லை. எட்டிப் பார்த்தால் சேற்றில் சாய்ந்து கிடக்கிறான்.

யாரோ மருந்துக்கடைக்கு ஓடிப் போன் செய்தார்கள். பத்தே நிமிஷத்தில் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. வண்டிக்குப் பொறுப்பாக வந்தவர் பாஸ்கரன் நாயர் என்ற மூத்த ஃபயர்மேன். அந்த அவசரத்திலும், கிணறு பின்கட்டில் இருக்கிறது, பூட்ஸோடு வரலாமா என்று வாசலில் நின்று கேட்டார் அந்த மனிதர். தெருவே "வாங்கோ, வாங்கோ" என்றது.

இறங்கியவர் ஞானதாஸ். பாறசாலைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிற்றோடு போனார். பலவேசத்தை இன்னொரு கயிற்றில் பிணைத்து மேலே அனுப்பினார். பலவேசம் பிழைத்துக்கொண்டான். ஞானதாஸ் ஏறி வரும்போது பாதியில் மயங்கிவிட்டார். தளர்ந்து கிடந்த கயிறு இறுகுவதற்குள் அடியிலிருந்த பாறையில் போய் மோதினார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

இதைத்தான் எழுதினேன். அழுதுகொண்டே எழுதினேன் என்பதும் உண்மை. அதில் இரண்டு வரிகள்:

'யாருடைய உத்தரவுக்கும் அவர் காத்திருக்கவில்லை. நீட்டிய முகமூடியையும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டுக் கிணற்றுக்குள் பாய்ந்தார் அந்த வீரர்!'

எத்தனை பாராட்டுக் கடிதங்கள் தெரியுமா? மதுரையிலிருந்து ஒரு வாசகி, படித்துவிட்டு அன்று சாப்பிடவே இல்லை என்று எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஒரு பெண் நின்றாள். ஞானதாஸின் மனைவி தங்கபாய். கையில் டைப் அடித்த ஒரு காகிதம். மெமோ.

உத்தரவை எதிர்பாராமல் செயல்பட்டது ஏன், கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தை மறுத்தது ஏன், இந்தக் காயத்தை டியூட்டியில் பட்ட காயமாக ஏன் கருதவேண்டும், ஒழுங்கு நடவடிக்கை ஏன் எடுக்கக்கூடாது... வரிசையாக 'ஏன்'கள். ஆதாரம்: இணைப்பு ஒன்று. பத்திரிகைக் கட்டுரை, மலையாள மொழிபெயர்ப்புடன்.

என் கட்டுரை! அந்த இரண்டு வரிகளுக்கும் அடியில் சிவப்புப் பென்சில் கோடு.

கட்டுரை ஃபைலுக்குள் எப்படிப் போனது? தங்கபாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாந்தான் மாமி வெட்டி ஒட்டி, அப்ளிகேஷன்கூட வெச்சுக் குடுத்தேன். இதவிட நல்ல சாட்சி என்ன இருக்குன்னு நெனச்சேன்."

ஞானதாஸுக்கு இனி வண்டியில் தொற்றி ஏற முடியாது. கண்ட்ரோல் ரூமில் போன் எடுக்கிற வேலையாவது கொடுங்கள் என்று கேட்டுத்தான் விண்ணப்பம். டியூட்டியில் பட்ட காயம் என்றால் கொடுப்பார்கள். தானே வரவழைத்துக்கொண்ட காயம் என்றால் உடல் தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆஸ்பத்திரியில் எலும்புக்குக் கட்டுப் போட்டாயிற்று. ஆனால் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனாலே வாளியைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுகிறாராம். அதற்கு எந்த வார்டில் கட்டுப் போடுவது என்று தங்கபாய் கேட்டாள். 

உண்மையில் நடந்தது என்ன? சொல்லிவிடுகிறேன். கிணற்றடியில், பாஸ்கரன் நாயருக்கு இரண்டு கை தூரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் கிணற்றைப் பார்த்தார். மாஸ்க் எங்கே என்று கேட்டார். ஸ்டேஷனுக்கு இருப்பதே ஒன்று, அது ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார்கள். அவர் திரும்பி, "ஞானதாசே, இறங்ஙாமோ?" என்று கேட்டார். இவர், "இறங்கலாம் சார்" என்றார். அவரே இவருக்கு இடுப்பில் கயிறு கட்டிவிட்டார்.

இவ்வளவுதான். இறங்கலாமா, இறங்கலாம் சார்! இதில் என்ன விறுவிறுப்பு இருக்கிறது, சொல்லுங்கள்? அதனால்தான் உத்தரவைத் தூக்கிக் கடாசினேன். இல்லாத முகமூடியை வரவழைத்து, அதை ஞானதாஸ் கையாலேயே ஒதுக்கவும் வைத்தேன்.

இத்தனைக்கும் நான் யார்? இருபது வருஷமாக ஓர் ஆபீஸில் மெமோ டைப் அடிக்கிறவள். ஒரு வரி ஃபைலுக்குள் நுழைந்தால் அது என்னவெல்லாம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

என் கணவர் அந்த மெமோவை இரண்டு தடவை படித்தார். "நீ வார்த்தையை வாரி எறைச்சுட்டே. அவனாக்கும் இப்போ குனிஞ்சு பொறுக்கிண்டிருக்கான்" என்றார். அன்று சாயங்காலம் வரை அவரோடு பேசவில்லை. கோபம் அவர்மேல் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

மறுநாளே ஞானதாஸைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்க எப்படியெல்லாமோ வார்த்தை சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். அவர் சுவரைப் பிடித்து எழுந்து நின்று, எனக்கு நாற்காலி போட்டார். "நல்லதுன்னு நெனச்சுத்தானே மாமி எழுதுனிய. விட்டுருங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. விடக்கூடாது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் முடிவு செய்தேன்.

அடுத்து பாஸ்கரன் நாயர். ஸ்டேஷன் முற்றத்தில் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. பென்ஷனுக்கு இரண்டு வருஷம்தான் பாக்கி என்றார். நான்தான் இறக்கினேன் என்று சொன்னால், மாஸ்க் இல்லாமல் ஏன் இறக்கினாய் என்று கேட்பார்களாம். இறக்காமல் இருந்திருந்தால்? ஒரு உயிர் போகிறபோது ஏன் சும்மா நின்றாய் என்று கேட்பார்களாம். அவர் சொன்னதில் என்ன தப்பு?  விசாரணைக்கு வருவீர்களா என்று மட்டும் கேட்டேன். கூப்பிட்டால் வரவேண்டியதுதானே என்றார்.

விசாரணைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே மனுப் போட்டேன். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவது திரும்பி வந்தது. மூன்றாவதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டு, அது கிடைக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டைப் அடிக்கிறவளுக்கு இந்த வித்தையாவது தெரிய வேண்டாமா?

செவ்வாய்க்கிழமை. சின்ன அறை. ஒரு பக்கம் ஊன்றுகோலோடு ஞானதாஸ். இன்னொரு பக்கம் பாஸ்கரன் நாயர், மடியில் தொப்பி. நடுவில் விசாரணை அதிகாரி, நல்ல மரியாதைக்காரர். மேஜைமேல் என் கட்டுரை.

இந்த இரண்டு வரிகளும் பொய், நான் சுவைக்காகச் சேர்த்தவை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். பேனாவை மூடி வைத்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"அப்போ, பாக்கி சத்யமாணோ?"

மிச்சமெல்லாம் உண்மையா என்று கேட்கிறார்.  பின்னே? இரண்டு வரி பொய் எழுதியவள், இரண்டாயிரம் வரியும் எழுதியிருப்பாளே. கிணறு உண்டா, பலவேசம் உண்டா, இவர் விழுந்தாரா, எல்லாமே சந்தேகமாகிவிடும். ஞானதாஸுக்கு இருந்த ஒரே சாட்சியையும் நானே கெடுத்துவிட்டேன் என்று பட்டது.

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே இத்தனை சப்பென்று நான் எதையும் சொன்னதில்லை. வண்டி எப்போது வந்தது. யார் எங்கே நின்றார். மாஸ்க் எங்கே என்று யார் கேட்டார், என்ன பதில் வந்தது. அது அன்றைக்கு வண்டியில் இருந்ததா, ரிப்பேரில் இருந்ததா என்று உங்கள் ரிஜிஸ்தரே சொல்லும், வரவழைத்துப் பாருங்கள் என்றேன். கடைசியாக, 'இறங்ஙாமோ' என்று கேட்டது யார் என்றும் சொன்னேன். சொல்லும்போது பாஸ்கரன் நாயரைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். உண்டா, இல்லையா?

நாயர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். ஞானதாஸின் ஊன்றுகோலைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"ஞான் பறஞ்ஞிட்டாணு சார், அவன் இறங்ஙியது."

நான் சொல்லித்தான் அவன் இறங்கினான்.  ஞானதாஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் கைக்குட்டையைத் தேடினேன். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

வெளியே வந்தபின் நாயரிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவரே, மாமிக்கு பஸ் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு நடந்து போய்விட்டார்.

இந்தத் திங்கட்கிழமை உத்தரவு வந்துவிட்டது. மூன்றே வாரம்! டியூட்டியில் பட்ட காயம்தான். மெமோ ரத்து. கண்ட்ரோல் ரூமில் ஞானதாஸுக்கு ஒரு நாற்காலி. தங்கபாய் ஓடி வந்து காட்டினாள். இருவருமாக வாசலில் நின்று நாலு தடவை படித்தோம்.

முடிந்ததா? எங்கே முடிகிறது! மறுநாள் செவ்வாய்க்கிழமையே இன்னொரு மெமோ போயிருக்கிறது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்கியது ஏன் என்று, பாஸ்கரன் நாயர் பேருக்கு.

பார்த்தீர்களா, மெமோ ஒரு படி மேலே ஏறியிருக்கிறது. நல்லதுதான். இன்னும் ஏறட்டும். ஸ்டேஷனுக்கு ஒரே ஒரு மாஸ்க் போதும் என்று எந்த மேஜையில் முடிவானதோ, அந்த மேஜை வரைக்கும் போகட்டும். நாயருடைய விசாரணைக்கும் மனுப் போட்டுவிட்டேன். லீவு இருக்கிறது. பெஞ்சில் உட்காரத் தெம்பும் இருக்கிறது. தீயிலும் கிணற்றிலும் இறங்குகிறவனுக்கு நாம் வீரன் என்று பட்டம் கொடுத்துவிட்டால், அவனுக்கு வேறு எதுவும் கொடுக்கவேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். நானும்தானே அப்படி நினைத்தேன்? அந்தப் பட்டத்தை மூக்கில் கட்டிக்கொண்டு அவன் மூச்சுவிட முடியாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு தபால் கார்டு வாங்குங்கள். உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் எத்தனை மாஸ்க் இருக்கிறது, அதில் எத்தனை வேலை செய்கிறது என்று மேலிடத்துக்கு எழுதிக் கேளுங்கள். இரண்டே கேள்வி, கீழே பெயர், விலாசம்.

தயவுசெய்து அந்த ஆட்களைப் பாராட்டி மட்டும் ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள்... ஃபைலில் வைத்துக்கொள்வார்கள்.