பாட்டு நின்றால் ஆளை இழு

டேங்க் கழுவும் இடத்தில் சேஃப்டி சூப்பர்வைசர் வேலை என்பது, அடுத்தவர் மூச்சுக்கு நாம் ஜாமீன் போடுவது. அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பவர்களே, உங்களுக்குத்தான் இது.

மீட்டர் கத்தவில்லை

மணலி புதுநகர் பக்கம் ஓர் எண்ணெய்க் கிடங்கு. நிலத்தடி டேங்கில் இறங்கிக் கசடு அள்ள வேண்டும். உள்ளே விஷவாயு இருந்தால் கூப்பிடக்கூட நேரம் இருக்காது. முதலில் வாயுவைச் சோதித்து நான் பர்மிட்டில் கையெழுத்துப் போட வேண்டும், பிறகுதான் ஆள் இறங்கலாம். சட்டம் அப்படி. இறங்குகிறவர் சட்டையிலும் ஒரு மீட்டர் இருக்கும், வாயு ஏறினால் கத்தும்.

முதல் வாரம் முழுக்க, டேங்கில் இறங்குகிற அந்தோணியின் மீட்டர் கத்தவே இல்லை. ராயபுரத்துக்காரர், இருபது வருஷ அனுபவம். எனக்கு ஏக சந்தோஷம். ஒருநாள் டீ நேரத்தில் அதைத் திறந்து பார்த்தேன், பேட்டரி இல்லை! அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சும்மா கூவிகினே கீது சார், பேஜாரு. அதான் கயட்டி வெச்சிட்டேன்."

காவல் இருந்த லட்சணம்

டேங்க் வாயில் ஒருவர், இறங்கியவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே பார்த்திருக்க வேண்டும். அந்தோணியின் மச்சான் லூர்து முதுகைக் காட்டி உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போட்டேன். அவர் உள்ளே கை காட்டினார். கீழே மாதா கோயில் பாட்டு கேட்டது. இறங்கியவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும், பாட்டு நின்றால் ஆளை இழுக்க வேண்டும். இவர்கள் வழக்கம் இது.

மேலிடத்துக்கு மூன்று முறை எழுதிப் போட்டு, காற்றுக் குழாயோடு மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். அந்தோணி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்தார்.

"இத்த மாட்டிகினா எப்டி சார் பாட்றது?"

நடு வரியில்

ஒரு செவ்வாய்க்கிழமை. சோதித்தேன், சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டேன். ஆனால் கசட்டைக் கிளறினால் அடியில் தேங்கிய வாயு கிளம்பும். அது தெரிந்தும், மாஸ்க் இல்லாமல் அவரை இறங்க விட்டிருந்தேன்.

பாட்டு பாதி வரியில் நின்றது. லூர்து கயிற்றை இழுத்தார், எதிலோ மாட்டிக்கொண்டு வரவில்லை. "அந்தோணி!" என்று கத்தினேன். போன கிறிஸ்துமஸுக்கு எனக்குப் பரிமாறிய அவர் மனைவியின் முகம்தான் கண் முன்னால் வந்தது. காப்பாற்றப் போகிற இரண்டாவது ஆள்தான் முதலில் சாவான் என்று தினமும் வகுப்பெடுக்கிற நான், வெறும் மூக்கோடு டேங்குக்குள் காலை விட்டேன். லூர்து என் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

அப்போது ஏணியில் ஒரு தலை மேலே வந்தது.

"அடுத்த வரி மறந்து பூட்ச்சு சார், யோசிச்சுகினு இருந்தேன்."

அன்றிலிருந்து மாஸ்க் இல்லாமல் யாருக்கும் நான் கையெழுத்துப் போடுவதில்லை. மாஸ்க் மாட்டிய ஆள் உள்ளே இருக்க, பாட்டே கேட்காத அரை மணி நேரமும், கயிற்றைப் பிடித்தபடி வெளியே பாடிக்கொண்டிருப்பது நான்தான்.