வெளிச்சம் காணாது

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் நான் முதலில் சீலிங்கைத்தான் பார்ப்பேன். ஆட்களை அப்புறம்தான். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பம்பாயில் வீடுகளுக்கு லைட் மாட்டுகிறவனுக்கு இது தொழில் பழக்கம். இந்தப் பழக்கத்தால் என் சொந்த வீட்டில் ஒரு கண் கெட்டது. என் மனைவியின் இடது கண். நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவதற்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

எனக்கு வேலை பெரும்பாலும் செம்பூர், மாட்டுங்கா பக்கத்து ஃபிளாட்டுகளில். பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டி, எட்டாவது மாடியில் மூன்று பக்கம் ஜன்னல் வைத்துக் கொடுக்கிறார்கள். காலை ஏழு மணிக்கே வெயில் வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்திருக்கும். அவ்வளவு வெயில் உள்ள வீட்டுக்காரர்கள்தான் என்னைக் கூப்பிட்டு, சாயங்காலம் வீடு கொஞ்சம் மங்கலாக இருக்க வேண்டும் என்பார்கள். அவர்களோடு டிசைனர் ஒருவர் வருவார். வாயைத் திறந்தால் மூட், மூட் என்பார். சாப்பிடுகிற இடத்துக்கு ஒரு மூட், டிவி பார்க்கிற இடத்துக்கு ஒரு மூட். சீலிங் ஓரத்தில் பள்ளம் வைத்து அதற்குள் பட்டை விளக்கை ஒளித்துவைக்க வேண்டும். விளக்கு கண்ணில் படக்கூடாது, வெளிச்சம் மட்டும் சுவரில் வழிய வேண்டும். எல்லாம் மஞ்சள், டப்பாவில் நிறத்துக்கான எண் மூவாயிரம் என்று போட்டிருக்கிற ரகம்.

செம்பூரில் ஒரு மாமி வீட்டுச் சமையலறையில் எங்கள் ஆள் தெரியாமல் வெள்ளை விளக்கை மாட்டிவிட்டான். ஆஸ்பத்திரியில் நின்று தோசை வார்க்கிற மாதிரி இருக்கிறது என்று அந்த மாமி அன்றைக்கே கழற்றச் சொன்னார். எனக்கு எரிச்சல்தான். ஆனால் மாற்றி மாட்டியதும் ஏணியிலிருந்து இறங்கி நின்று பார்த்தேன். அதே மேடை, அதே அடுப்பு. மாமியின் முகம்கூடக் கோபம் ஆறின முகமாகத் தெரிந்தது. விளக்குக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. நான் மறுக்கவில்லை.

என் வீடு தாராவியில். மூன்றடிச் சந்துக்குள் கீழே ஓர் அறை, ஏணி வைத்து ஏறினால் மேலே இன்னோர் அறை. ஜன்னல் ஒன்று உண்டு. அதைத் திறந்தால் எதிர்வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லிவிடலாம், வெயில் மட்டும் வராது. பகல் பன்னிரண்டு மணிக்கும் டியூப்லைட் எரிந்தாக வேண்டும். எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் வெள்ளைதான், ஆறாயிரத்து ஐந்நூறு என்று போட்டிருக்கிற ரகம். மஞ்சள் பல்பு என்றால் பொதுக் கக்கூஸில் தொங்குவது. வெயில் இருக்கிறவர்கள் மஞ்சள் வாங்குகிறார்கள், இல்லாதவர்கள் வெள்ளை வாங்குகிறார்கள். இத்தனை வருடத் தொழிலில் நானாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.

அந்த வெள்ளை விளக்குக்குக் கீழே உட்கார்ந்துதான் என் மனைவி தைப்பாள். மாட்டுங்காவில் ஒரு கடையிலிருந்து சேலைகள் வரும். அவற்றுக்கு உள்பக்கமாக ஃபால்ஸ் வைத்துத் தைத்து, முந்தானையில் குஞ்சம் முடிந்து கொடுக்க வேண்டும். எல்லாம் கைத்தையல். தையல் வெளியே தெரியக்கூடாது, நூலின் நிறம் சேலையோடு ஒட்டிப்போக வேண்டும். மகள் கல்யாணமாகி உல்லாஸ்நகர் போன பிறகு பகல் முழுக்க அவளுக்கு அந்தச் சேலைகள்தான் துணை.

போன வருடம் மழைக்காலம் தொடங்கின சமயம். ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, “வெளிச்சம் காணல” என்றாள்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் காணாது என்றால் போதாது. சோறு காணாது, துணி காணாது, பந்திக்கு இலை காணாது என்போம். காணுமா என்று கேட்டால் போதுமா என்று அர்த்தம். தொழிலுக்கு வந்த புதிதில் மாட்டுங்காவில் ஒரு வீட்டில் ‘வயர் காணாது’ என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் வயர் திருட்டுப் போய்விட்டது என்று நினைத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டுவிட்டார். அப்படி இரண்டு பக்கமும் இழுபடுகிற சொல் அது. ஆனால் என் மனைவி வெளிச்சம் காணல என்றதும், போதவில்லை என்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். லைட்காரன் காது வேறு எப்படி எடுத்துக்கொள்ளும்?

மறுநாளே இருபது வாட்ஸைக் கழற்றிவிட்டு முப்பத்தாறு வாட்ஸ் மாட்டினேன். ஸ்டூல் மேல் நின்றபடியே இப்ப காணுமா என்று கேட்டேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, காணும் என்றாள்.

பத்து நாளில் மறுபடியும் அதே பேச்சு. இந்தத் தடவை தலைவலியும் சேர்ந்துகொண்டது. விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது என்றாள். எனக்கா காரணம் தெரியாது? அவ்வளவு சின்ன அறைக்கு முப்பத்தாறு வாட்ஸ் கூசுகிறது, அவ்வளவுதான் என்று முடிவுகட்டினேன். செம்பூர் வேலையில் மிஞ்சின மஞ்சள் பட்டையைக் கொண்டுவந்து, சுவரின் மேல் ஓரத்தில் ஒரு மறைப்பு கட்டி அதற்குள் ஒட்டினேன். போட்டதும் எங்கள் அறைதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சுவரில் பெயர்ந்த இடம் தெரியவில்லை. எவர்சில்வர் குடமெல்லாம் பித்தளைக் குடமாக நின்றது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, என்ன, வீட்டில் பார் திறந்துவிட்டீர்களா என்று கேட்டாள். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு ஊசியை எடுக்காமல் என்னோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். நாங்கள் அப்படிப் பேசி வருடக்கணக்கு ஆகியிருக்கும். அந்த ஒரு சாயங்காலத்துக்காகவே அந்த மஞ்சள் மேல் எனக்கு இன்னும் முழுக் கோபம் வரவில்லை.

அந்த வாரமே கடையிலிருந்து ஒரு சேலை திரும்பி வந்தது. அரக்கு நிறச் சேலைக்குக் காப்பிப்பொடி நிற நூலில் தைத்திருந்தாள். மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் முழுவதையும் பிரித்துத் திரும்பத் தைத்தாள். நான் மஞ்சளைக் கழற்றிவிட்டு மறுபடியும் வெள்ளையை மாட்டினேன். அந்த ஒரு தடவை தப்பு உண்மையிலேயே விளக்கின் பேரில் இருந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. அதற்கப்புறம் எது நடந்தாலும் எனக்கு விளக்குதான் குற்றவாளி.

இடதுபக்கம் இருந்த குடத்தில் இடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்று இடது சுவரில் ஒரு விளக்கு மாட்டினேன். மேலறைக்குப் போகிற ஏணியில் கால் தட்டிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். ஏணிக்குப் பக்கத்தில் ஒன்று மாட்டினேன். ஊசியில் நூல் கோர்க்கத் தடுமாறினாள். கழுத்து வளைகிற மேஜை விளக்கு ஒன்று வாங்கிவந்தேன். அப்போது தீபாவளி நெருக்கம். செம்பூரில் இரண்டு வீடு, காட்கோபரில் ஒரு வீடு, எல்லோருக்கும் பண்டிகைக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். பகல் முழுக்க அண்ணாந்து நின்று கழுத்து இறுகிப்போய் வருவேன். வந்தால் வீட்டிலும் அண்ணாந்து நிற்க வேண்டும். ஒருநாள் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு அவளைத் திட்டியும்விட்டேன். ஊருக்கெல்லாம் வெளிச்சம் காணுது, ஒனக்கு மட்டும் என்னட்டி காணல என்று. ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, வழக்கம்போல இப்ப காணுமா என்று கேட்டேன். காணும் என்றாள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் காய்கறி வாங்க இருவரும் தொண்ணூறடி ரோட்டுக்குப் போனோம். நடுப்பகல். கரும்புக் கட்டுகளைச் சாத்திவைத்திருந்த இடத்தில்கூட நிழல் இல்லாத வெயில். இரும்புக் கம்பி ஏற்றின கைவண்டி ஒன்று அவள் இடதுபக்கமாக வந்தது. தள்ளுகிறவர் பாஜூ, பாஜூ என்று ஒதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டே வருகிறார். கடைத்தெரு இரைச்சலில் அவள் காதில் அது விழவில்லை போலிருக்கிறது, நேராக வண்டியின் மேலேயே நடக்கிறாள். தோளைப் பிடித்து இழுத்தேன். கம்பியின் முனை சேலையைக் கிழித்துக்கொண்டு போயிற்று, உடம்பில் படவில்லை. வண்டி வந்தது தெரியவில்லையா என்று கேட்டேன். எந்த வண்டி என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைக்கு மேலே சூரியன் நிற்கிறது. அதைக் கழற்றிவிட்டு நான் எதை மாட்டுவது? பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அவள் சோடா வாங்கிக் கொடுத்தாள். நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதற்கு எப்போதும்போலத்தான் இருந்தது.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் கண் பிரிவின் வரிசையில் நின்றோம். டாக்டர் சின்ன வயது மராட்டிப் பெண். என்ன தொந்தரவு என்று இந்தியில் கேட்டார். என் மனைவியும் இந்தியிலேயே சொன்னாள்.

“லெஃப்ட் சைட் திக்தா நஹி, மேடம். தீவாலி கே பெஹ்லே சே.”

இடதுபக்கம் தெரியவில்லை, தீபாவளிக்கு முன்னாலிருந்தே. இந்தியில் திக்தா நஹி என்றால் ஒரே அர்த்தம்தான். ஆறேழு மாதமாகச் சொந்தத் தமிழில் எனக்குப் புரியாதது, அவளுடைய அரைகுறை இந்தியில் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது.

கண்ணைச் சோதிக்கிற அறையில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். நான் மூலையில் நின்றேன். டாக்டர் கையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சம், அவ்வளவுதான் இருந்தது. நான் மாட்டின அத்தனை விளக்கிலும் தெரியாதது அதில் தெரிந்துவிட்டது. கண்ணுக்குள் பிரஷர் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். வலது கண்ணைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். இடது கண்ணில் போன பார்வை போனதுதான், திரும்பி வராது, மிச்சம் இருப்பதைப் பிடித்துவைக்கப் பார்க்கலாம். முன்னாலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து எழுத ஆரம்பித்தார். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தோம். அந்தச் சின்ன அறையில் நான்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காணல, காணல என்று நீ சொன்னது லைட்டையா, கண்ணையா என்று கேட்டேன்.

“மொதல்ல லைட்டுன்னுதான் நெனச்சேன்” என்றாள். “பொறவு தெரிஞ்சிட்டு.”

தெரிந்த பிறகும் எதற்காக ஒவ்வொரு தடவையும் காணும் காணும் என்று தலையாட்டினாய் என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும். அவள் மருந்து டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாள் பூரா நின்னு அலுத்துப்போய் வாரிய. வந்ததும் ஸ்டூல் மேல ஏறி நின்னுக்கிட்டு, காணுமான்னு மூஞ்சியப் பாத்துக் கேக்கிய. எப்பிடி இல்லன்னு சொல்லச் சொல்லுதிய?”

அலுப்பு எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துக்கொண்டு, அதை முகத்தில் ஏற்றிக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறேன். குடம் தெரியாத கண்ணுக்கு, ஏணி தெரியாத கண்ணுக்கு அது மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு நான் அழுதேன். அவள் அழவில்லை. அடுத்த வாரம் கையிலிருந்த சேலைகளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இப்போது வேளை தவறாமல் நான்தான் சொட்டு மருந்து விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை எதிரே உட்காரவைத்து, வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்ளச் சொல்லுவேன். இடது கண்ணுக்கு என் முகத்தில் எதுவரை தெரிகிறது என்று கேட்பேன். மாசியில் ஒரு காதிலிருந்து மறுபக்கக் கன்னம் வரை தெரிந்தது. போன மாதம் பாதியில், மூக்கோடு நின்றுவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் ஒரு வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து, கழுத்தைத் தடவிக்கொண்டே அவள் எதிரில் உட்கார்ந்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“முழு மூஞ்சியும் தெரியுது” என்றாள்.