அக்காவுக்கு அரளி என்று பெயர்

கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை, அங்கே கேன்டீனில் சமைக்கும் என் அக்கா முதல் நாளே கண்டுபிடித்துவிடுவாள். தட்டை நீட்டுவார்கள், அவள் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அட்டையைப் படிப்பார்கள், நீட்டிய தட்டு கொஞ்சம் பின்னால் போகும். அட்டையில் 'அரளி, தலைமைச் சமையலர்' என்று இருக்கும். விஷச் செடியின் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு ஒருத்தி கரண்டியும் கையுமாக நின்றால் யாருக்குத்தான் சோறு இறங்கும்?

"பயப்படாம சாப்பிடுங்க தம்பி. நேத்து சாப்பிட்டவங்க எல்லாரும் இன்னிக்கும் வேலைக்கு வந்திருக்காங்க, பாருங்க" என்பாள். வரிசை மொத்தமும் சிரிக்கும். தட்டு மறுபடி முன்னால் வரும். அந்த ஆள் சாப்பிட்டு முடித்துவிட்டு இரண்டாம் முறை வரும்போது அட்டையைப் பார்க்கவே மாட்டான்.

எனக்குத் தாத்தாவின் பெயரை வைத்தார்கள். தெருவில் யாராவது கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அக்காவைக் கூப்பிட்டால் அவள் மட்டும்தான் திரும்புவாள். மற்றவர்கள் கூப்பிட்டவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

எல்லாம் அப்பா செய்த வேலை. அப்பா நெடுஞ்சாலைப் பராமரிப்பில் இருந்தார். தண்ணீர் லாரியின் பின்பக்கம் நின்றுகொண்டு, சாலைக்கு நடுவே வரிசையாக நிற்கும் அரளிச் செடிகளுக்குக் குழாயைப் பிடிப்பதுதான் வேலை. சரி, செடியோடு பழகியவர், பாசத்தில் வைத்துவிட்டார் என்று விட்டுவிடலாம். ஆனால் ஏன் இந்தப் பெயர் என்று யார் கேட்டாலும் அவரிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். அதுவும் ஆளுக்கு ஒரு காரணம்.

பள்ளிக்கூடத்தில் பசங்கள் அக்காவைத் தொட்டுவிட்டுக் கையைக் கழுவ ஓடினார்கள். டீச்சர் அப்பாவை அழைத்துவரச் சொன்னார். "எதிர்ல வர்ற லாரி வெளிச்சம் கண்ணுல அடிக்காம மறைக்கிறது அரளிதான் டீச்சர். என் பொண்ணும் அந்த மாதிரி நாலு பேருக்கு உதவியா நிப்பா" என்றார் அப்பா. டீச்சர் அசந்துபோய்விட்டார்.

மாமா கேட்டபோது வேறு கதை. "அரளியை விட்டா ஆடு மாடு வாய் வைக்காத செடி ஒண்ணு காட்டு மச்சான். எம்பொண்ணு மேல எவனும் கை வைக்க முடியாது."

கல்யாணம் பேச வந்தவர்கள் பெயரைக் கேட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா அசரவில்லை. "தண்ணியே ஊத்தலன்னாலும் பூக்கும்ங்க. அந்த மாதிரி பொண்ணு." அந்த வீட்டார் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கடைசிவரை ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. அக்காவின் மகள் நடக்கக் கற்பதற்குள் மாப்பிள்ளை வேறொருத்தியோடு கம்பி நீட்டினார்.

அக்கா பெட்டியும் குழந்தையுமாக வீட்டுக்கு வந்த அன்று அப்பா ஆறுதலாகச் சொன்னதும் அதேதான். "நீ அரளிம்மா. தண்ணி இல்லாமலே நிப்ப." அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாரமே கேன்டீனில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள். பிறகு காய் நறுக்கினாள், பிறகு அடுப்புக்கு வந்தாள், பிறகு அந்த அட்டை வந்தது. முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள். அவள் அழுது நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. எல்லோரும் அவளுடைய தைரியத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு மட்டும் அந்தத் தண்ணீர் வசனத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். தண்ணீர் வேண்டாம் என்று பெயரெடுத்த செடிக்கு எவன் ஊற்றுவான்? நான் குழாய் வேலை பார்க்கிறவன், கை நிறையவே சம்பாதிக்கிறேன். ஆசையாக ஒரு துணி எடுத்துக் கொடுத்தால், "எனக்கெதுக்குடா, அவளுக்குக் குடு" என்று மகள் பக்கம் தள்ளிவிடுவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் சொந்தத்தில் பெண் பிள்ளைகளைப் பார்த்தால் 'மூக்கும் முழியுமா இருக்கா' என்பார்கள். அக்காவைப் பார்த்தால் மட்டும் 'நல்ல உழைப்பாளி' என்பார்கள். அவள் அதைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள்.

போன மாதம் அக்காவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், அதற்குள் குழந்தையின் பெயரைச் சொல்லிவிடுங்கள் என்று நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனார். மகள் யோசிக்கவே இல்லை. "அரளின்னு வைக்கப்போறேன்" என்றாள்.

மடித்துக்கொண்டிருந்த துணியை அக்கா அப்படியே கீழே வைத்தாள். "உனக்கென்ன பைத்தியமா?"

"உன் பேரும்மா."

"அதனாலதான் வேணாங்கிறேன். என்னோட ஒழியட்டும் அது."

"பசங்க கிண்டல் பண்ணுவாங்கன்னு பயப்படுறியா? நான் பார்த்துக்கிறேன்."

"கிண்டலை யாருடி பெருசா நெனச்சா?" அக்காவின் குரல் உயர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். "அழுகை வர்றப்பல்லாம் 'நீ அரளி, தண்ணி இல்லாம நிக்கணும்'னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உங்கப்பன் போனப்பவும் அதான். உனக்குக் காய்ச்சல்ல தூக்கித் தூக்கிப் போட்டப்பவும் அதான். இந்தக் குழந்தை தலையில அதைக் கட்டாதே. இது நல்லா அழட்டும்."

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு அந்தப் பேரைக் கேட்டா செடியே ஞாபகம் வராதும்மா. நீதான் வருவ" என்றாள்.

கீழே வைத்த துணியை அக்கா மறுபடி எடுத்து மடித்து முடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பாவைக் கூட்டிட்டு வாடா. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி இத்தனை வருஷம் ஓட்டிட்டாரு. நெஜமா எதுக்கு வச்சாருன்னு இன்னிக்குச் சொல்லட்டும். இவ தாங்கணும், மரத்துப்போய் நிக்கணும்னுதான் வச்சேன்னு சொன்னா, இந்தப் பேரு வேண்டவே வேண்டாம். நல்லதா ஏதாவது இருந்தா வச்சுக்கோங்க" என்றாள்.

அப்பாவுக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. வண்டியின் பின்னால் ஒரு பக்கமாக உட்கார வைத்து மெல்ல ஓட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிப் படியேறி, ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் மூச்சு வாங்கிய பிறகு குழந்தையை மடியில் வைத்தோம். விஷயத்தைச் சொன்னதும் மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அரளியா! பேஷ். எதிர்ல வர்ற வெளிச்சத்தை..."

"அது டீச்சருக்குச் சொன்னது" என்றாள் அக்கா.

"அது மட்டுமா? ஆடு மாடு..."

"அது மாமாவுக்குச் சொன்னது."

அப்பா மூன்றாவதற்கு வாயைத் திறந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரி ஒரு டம்ளர்லதான் வச்சேன்" என்றார்.

"என்னத்தை?"

"பூவை." மடியிலிருந்த குழந்தையைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். "ரோட்டு வேலைக்குப் போய் ரெண்டே நாள்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி நான் துறைமுகத்துல மூட்டை தூக்குனவன். எந்தச் செடியைக் கண்டேன்? நீ விடியக்காலையில பொறந்த. உன்னைக் கையில வாங்கிட்டு, லீவு தரமாட்டான்னு நேரா வேலைக்குப் போனேன். ரெண்டு பக்கமும் லாரி பறக்குது, ஒரே புழுதி. நடுவுல இது பாட்டுக்கு ரோஸ் கலர்ல பூத்து ஆடுது. காலையில பார்த்த உன் மூஞ்சி மாதிரியே இருந்துச்சு. என்ன பூன்னு டிரைவரைக் கேட்டேன், அரளின்னான். சாயங்காலம் வந்ததும் ஆஸ்பத்திரி ஆபீஸ்ல அந்தப் பேரையே குடுத்துட்டேன். உங்கம்மா பார்க்கட்டும்னு ஒரு கொத்தைப் பறிச்சுட்டு வந்து டம்ளர்ல வச்சேன்."

"அப்புறம்?"

"அங்க இருந்த நர்ஸம்மா பார்த்துட்டு கத்துனாங்க. யோவ், இது விஷம்யா, பச்சைக் குழந்தை இருக்கிற இடத்துலயான்னு தூக்கிப் போட்டாங்க. அப்பதான் எனக்கே தெரியும். பேர் என்ன வச்சிருக்கன்னு கேட்டாங்க. சொன்னேன். வார்டே சிரிச்சுது. எனக்கு மானம் போயிடுச்சும்மா. தெரிஞ்சுதான் வச்சேன், எம்பொண்ணுகிட்ட எவனும் வாலாட்டக் கூடாதுன்னு வச்சேன்னு அடிச்சுவிட்டேன். அன்னிக்கு ஆரம்பிச்சது."

"அப்போ வெளிச்சம், மாடு, தண்ணி எல்லாம்?"

"வேலை பார்க்கப் பார்க்கத் தெரிஞ்சுக்கிட்டதும்மா. ஒண்ணொண்ணா சேர்த்துக்கிட்டேன்." அப்பா தலையைத் தூக்கவில்லை. "காரணம்னு எதுவும் இல்ல. அழகா இருந்துச்சு, வச்சேன். அவ்வளவுதான்."

எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. இந்த மனிதரின் வறட்டு கௌரவத்துக்காக ஒருத்தி வாழ்நாள் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாளே என்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"நான் அழகா இருந்தேனா?" என்று கேட்டாள். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"என்னம்மா இப்படிக் கேக்குற? உங்கம்மா ரெண்டாவது, நீதான் முதல்ல" என்றார் அப்பா. "இன்னிக்கும்தான்."

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா நீங்க?" என்று திட்டத் தொடங்கியவள், பாதியிலேயே உடைந்து அழுதாள். எண்ணெய்த் தழும்புக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்களைப் பற்றிக் கவலைப்படாமல், விக்கி விக்கி அழுதாள். மகள் எட்டி அவள் முதுகைத் தடவினாள். குழந்தையும் சேர்ந்து அழ ஆரம்பித்தது. அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் அந்த டம்ளரை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கி முழுவதையும் குடித்தாள்.

சத்தம் கேட்டு நர்ஸ் எட்டிப் பார்த்தார். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று தெரிந்ததும், "பேர் முடிவாயிடுச்சா?" என்றார்.

"அரளி" என்றாள் மகள், அம்மாவைப் பார்த்துக்கொண்டே. அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.

நர்ஸின் புருவம் ஏறியது. "அரளியா? விஷச் செடியாச்சேம்மா. தெரிஞ்சுதான் வைக்கிறீங்களா?"

பழக்க தோஷம், அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். அக்கா அவர் தோளில் கை வைத்து அழுத்தினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குழந்தையை வாங்கி, முகம் தெரியும்படி நர்ஸ் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"பூ அழகா இருக்கும். பார்த்திருக்கீங்களா?" என்றாள்.